தங்கபுஷ்பம் ஸ்வெட்டர் போட்ட ஐப்பசி

கருவேலோடையில் அந்த வருஷம் கோடை போகவே இல்லை. புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்து, தூத்துக்குடி ஜவுளிக்கடைகளில் தீபாவளித் துணி வந்து தொங்கிய பிறகும், விருந்துக்கு வந்த வீட்டில் பாயை விரித்துப் படுத்துக்கொண்ட சொந்தக்காரனைப் போல அது ஊருக்குள்ளேயே கிடந்தது. காலையில் எழுந்து கதவைத் திறந்தால் வாசலில் உட்கார்ந்திருந்தது, மத்தியானம் சோற்றுப் பானைக்குள் எட்டிப் பார்த்தது, சாயங்காலம் மாடுகளோடு சேர்ந்து தொழுவத்துக்குள் வந்தது. ஊர்க்காரர்கள் அதைத் திட்டித் திட்டி அலுத்துப்போய், கடைசியில் அதற்கும் சேர்த்து ஒரு செம்புத் தண்ணீர் எடுத்து முற்றத்தில் தெளித்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

கருவேலோடை ஒரு தார்ச்சாலையின் இரண்டு பக்கமும் இருக்கிற ஊர். சாலைக்குக் கிழக்கே இறங்கினால் உப்பளம், அதற்கப்புறம் கடல். மேற்கே ஏறினால் கரிசல் காடு, கண்ணுக்கு எட்டிய மட்டும் மானாவாரி நிலம். கீழ்ப்பக்கத்துக்காரர்கள் வெயிலை நம்பிப் பிழைத்தார்கள். மழை விழுந்தால் பாத்தியில் உப்பு கரைந்துவிடும், அன்றோடு அந்த வருஷத்து வேலை முடிந்தது. மேல்பக்கத்துக்காரர்கள் மழையை நம்பிப் பிழைத்தார்கள். ஈரம் வருமுன்னே புழுதியில் உளுந்தையும் பருத்தியையும் விதைத்துவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு, விதையைப் பொறுக்க வரும் புறாக்களைத் தகரம் தட்டி விரட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் கோடை தங்கிவிட்ட அந்த வருஷம் ஊரில் பாதிப்பேர் சந்தோஷப்பட்டார்கள், பாதிப்பேர் சாமிக்கு நேர்ந்துகொண்டார்கள்.

இந்த இரண்டு பாதிக்கும் நடுவில், சாலையோரத்தில், தனியாகக் குடியிருந்தவள் தங்கபுஷ்பம். சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்து அவளே ஓட்டினாள். வெயில் காலத்தில் கீழ்ப்பக்கத்து உப்பு மூட்டைகளைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோவாள். அறுவடைக்குப் பிறகு மேல்பக்கத்து உளுந்தையும் பருத்தியையும் ஏற்றிப்போவாள். அதனால் இரண்டு பக்கத்துக்காரர்களும் அவளை எங்க ஆளு என்றுதான் சொன்னார்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேலாகியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வண்டியை விற்றுவிடச் சொன்னார்கள். அவள் எல்லோருக்கும் நல்ல காப்பியாகப் போட்டுக்கொடுத்து அனுப்பிவிட்டாள்.

வண்டியை விற்கச் சொல்லாத ஒரே ஆள் சேர்மத்துரை. உப்பளத்தில் உப்பு வாருகிறவன், நெடுநெடுவென்று இருப்பான், அதிகம் பேசமாட்டான். முதல்முதலாக அவளிடம் அவன் கேட்டதே, “பின் டயரு மொட்டையாக் கெடக்கே, எப்ப மாத்தப் போற?” என்பதுதான். அந்தக் கேள்வியில் தங்கபுஷ்பத்துக்கு அவனைப் பிடித்துப்போனது. ஊருக்கே தெரிந்த சங்கதி. ஆனால் கல்யாணம் மட்டும் ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போனது. வெயில் காலத்தில் அவனுக்கு நிமிர நேரம் கிடையாது. மழை விழுந்தால் ஊரில் வேலை கிடையாது, மறுநாளே கொல்லத்துக்குக் கட்டட வேலைக்கு பஸ் ஏறிவிடுவான், தைக்கு அப்புறம்தான் திரும்புவான். மழைக்காலம் என்றால் தங்கபுஷ்பத்துக்கு சேர்மத்துரை இல்லாத காலம் என்று அர்த்தம்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் தூத்துக்குடியில் உப்பு மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பும்போது, பள்ளிக்கூடத்துச் சுவரோரம் நேபாளத்துக்காரர்கள் ஸ்வெட்டர்களை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்தாள். வருஷாவருஷம் குளிர்காலத்துக்கு வருகிறவர்கள்தான். இந்த வருஷம் தார் உருகுகிற வெயிலில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். விற்கிற அம்மாள் ஒரு அட்டையால் விசிறிக்கொண்டு, முகத்தில் வழிகிற வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கம்பளிக் குவியலுக்கு நடுவில் அடுப்புக்குள் வைத்த கிழங்கு மாதிரி இருந்தாள்.

“இந்த வேக்காட்டுல இதை யாரு வாங்குவா?” என்று தங்கபுஷ்பம் வண்டியிலிருந்தபடியே கேட்டாள்.

“தேதி வந்துடுச்சு அக்கா, நாங்க வந்துட்டோம்” என்றாள் அந்த அம்மாள். “குளிர்தான் லேட்டு.”

தங்கபுஷ்பத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்புக்காகவே இறங்கிப்போய், வெள்ளைப் பொத்தான் வைத்த நீல ஸ்வெட்டர் ஒன்றை வாங்கினாள். வாங்கியதை அங்கேயே சேலைக்கு மேலே மாட்டி, பொத்தானைப் போட்டு, வண்டிக் கண்ணாடியில் பார்த்தாள். யாரோ மலைமேல் இருக்கிற ஊர்க்காரி மாதிரி இருந்தாள். ரொம்பப் பிடித்திருந்தது. கழற்ற மனசு வராமல் அப்படியே ஓட்டிக்கொண்டு வந்தாள்.

பாலத்தைத் தாண்டியதும், அதுவரை இடப்பக்கத்து ஜன்னல் வழியாக அனலடித்துக்கொண்டிருந்த மேல்காற்று நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு முன்கண்ணாடிக்கு நேராக, கடலை ஒட்டி, வாடைக்காற்று வந்தது. வந்த காற்றுக்குப் பின்னால் மேகம் வந்தது. அவள் வண்டி உப்பளத்துக்குள் இறங்கும்போது மேகம் வண்டிக்கு மேலே குடைபோல நின்றது. உப்பு அம்பாரங்களை மூட தார்ப்பாயும் ஓலையும் தூக்கிக்கொண்டு சனம் ஓடிக்கொண்டிருந்தது. “ஏட்டி புஷ்பம், ஓடியாட்டி!” என்று கத்தினாள் மாடத்தி. உப்பளத்துப் பெண்களுக்கெல்லாம் மாடத்தி வைத்ததுதான் சட்டம். தங்கபுஷ்பம் குதித்து இறங்கித் தார்ப்பாயின் ஒரு நுனியைப் பிடித்தாள். ஸ்வெட்டர் கையை இறுக்கியது. கழற்றி வண்டிக்குள் எறிந்தாள். விழ ஆரம்பித்த மழை உடனே நின்றது. நாலு துளி விழுந்த உப்பு மேல் பழையபடி வெயில் வந்து உட்கார்ந்தது. பாத்தி தப்பித்த சந்தோஷத்தில் யாரும் வேறெதையும் கவனிக்கவில்லை.

கவனித்தவன் அவளுடைய அண்ணன் அய்யாத்துரை. மேல்பக்கத்தில் அவனுக்குக் கொஞ்சம் கரிசல் இருந்தது. மறுநாள் ஸ்வெட்டரைக் காட்டலாம் என்று அவள் அதைப் போட்டுக்கொண்டு அவன் காட்டுக்குப் போனாள். அவன் தகரத்தைத் தட்டிப் புறாவை விரட்டிக்கொண்டிருந்தான். மழைக்காக ஏங்கி ஏங்கி வானத்தின் ஒவ்வொரு மூலையையும் மனப்பாடமாக வைத்திருக்கிறவன். தங்கச்சி வரப்பில் ஏறும்போது வடகிழக்கு மூலை கறுப்பதைப் பார்த்தான். வேர்க்கிறது என்று அவள் மேல் பொத்தானைக் கழற்றும்போது கறுப்பு ஒரு பங்கு வெளுத்ததையும் பார்த்தான். தகரம் கையிலிருந்து நழுவியது.

“புஷ்பம்... அந்தப் பொத்தானைத் திரும்பப் போடு.”

“எதுக்குண்ணே? வேக்காடு தாங்கல.”

“போடுன்னா போடேன்.”

போட்டாள். மேகம் கூடியது.

“அடுத்ததையும் போடு. கீழ இருக்கே, அது.”

போட்டாள். தூரத்தில், கடலுக்கு மேலே, கதவைத் தள்ளிவிட்டதைப் போல ஓர் இடி கேட்டது. அண்ணனும் தங்கச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அய்யாத்துரை தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவள் கழுத்தில் சுற்றினான். உடனே அவர்கள் நின்ற வயலில் மட்டும், பன்னீர் தெளித்த மாதிரி, தூறல் விழுந்தது. அய்யாத்துரை அந்தத் தூறலில் நின்றுகொண்டு கோவில் கொடையில் சாமி வந்தவனைப் போல ஆடினான். தங்கபுஷ்பமும் வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு சட்டென்று சேர்மத்துரை ஞாபகம் வந்து, எல்லாப் பொத்தானையும் கழற்றினாள்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒருத்திக்குக் கைராசி, ஒருத்திக்கு நாக்கில் மச்சம் என்றிருப்பதைப் போல இவளுக்கு உடுப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். ஆச்சரியப்பட நேரமும் இல்லை. கேட்டு வாங்க வேண்டியது நிறைய இருந்தது. மேல்பக்கத்திலிருந்து அவள் வீட்டுக்குக் கம்பளி வர ஆரம்பித்தது. சவுதியில் வேலை பார்த்தவன் கொண்டுவந்த போர்வை, குற்றாலத்தில் வாங்கிய மப்ளர், யாரோ ராணுவத்துக்காரர் விட்டுப்போன முழங்கால் வரைக்குமான காலுறை, குரங்குக் குல்லாய், எல்லாம் பூச்சி உருண்டை வாசத்தோடு பெட்டியடியிலிருந்து எழுந்து வந்தன. கீழ்ப்பக்கத்திலிருந்து பருத்தி வந்தது. வெளுத்துத் துவைத்து மெல்லிசாகிப்போன சேலைகள், கையில்லாத ரவிக்கைகள், பனையோலை விசிறிகள். மாடத்தி தன் மகள் வளைகாப்புக்கு எடுத்த வெள்ளை வாயில் சேலையையே கொண்டுவந்து கொடுத்து, “இதைக் கட்டிக்கிட்டு காத்தாட உக்காரு தாயி, வேறெதுவும் செய்யாண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொஞ்ச நாளில் ஊர் அதன் நுணுக்கங்களையும் தெரிந்துகொண்டது. குரங்குக் குல்லாய் போட்டால் இடி. காலுறை போட்டால் காலையில் பனி. முந்தானையால் தோளை மூடினால் மேகமூட்டம். தலைமுடியைத் தூக்கிக் கொண்டை போட்டால் கடற்காற்று. வற்றல் காயப்போடுகிறவர்கள் கொண்டை போடச் சொல்லிக் கேட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பரீட்சையன்று காலையில் அவள் வாசலில் வந்து நின்று, “அக்கா, அந்தக் குல்லாவை மட்டும் ஒரே ஒரு தடவை, ஒன்பது மணிக்கு” என்று கெஞ்சினார்கள். சடங்கு வீட்டுக்காரர்கள் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்து, பந்தல் பிரிக்கும் வரைக்கும் தயவுசெய்து தும்மலுக்குக்கூடத் துண்டைப் போர்த்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

எல்லாவற்றையும் முதலில் தங்கபுஷ்பம் ரசித்தாள். பொழுது விடியும்போது பெட்டியைத் திறந்து, இன்றைக்கு வானம் எப்படி இருக்கட்டும் என்று யோசிப்பது எவ்வளவு பெரிய சுகம்! ஆனால் அந்த யோசனை நடுவில் எப்போதும் ஒரு முள் இருந்தது. அண்ணன் காட்டு விதை ஒரு பக்கம், புழுதிக்குள் எறும்பும் புறாவும் தின்றதுபோக மிச்சமிருந்தது. சேர்மத்துரையின் பஸ் ஒரு பக்கம். அவள் காலையில் அண்ணனுக்காக ஸ்வெட்டரை மாட்டுவாள், உப்பளத்தில் சனம் ஓலையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து மத்தியானம் கழற்றுவாள். விதை முளைக்கிற அளவுக்கு மழையும் பெய்யவில்லை, உப்பு விளைகிற அளவுக்கு வெயிலும் அடிக்கவில்லை. கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு பொரிந்தது.

ஒரு நாள் உப்பளத்து வரப்பில் உட்கார்ந்து சேர்மத்துரையிடம் கேட்டாள். “நீங்க ஒருத்தர்தான் எதுவுமே கேக்கல. நான் எதை உடுத்தட்டும்?”

அவன் உள்ளங்காலில் உப்பு அரித்த புண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “உன் உடம்பு. உனக்குப் பிடிச்சதை உடுத்து. நான் என்ன சொல்ல?”

“மழை விழுந்தா?”

“விழுந்தா கொல்லத்துக்குப் போவேன். விழாட்டி உங்க அண்ணன் காட்டுல ஒண்ணும் மொளைக்காது. அதுக்காக உன்னை வேர்க்க வைக்கவும் முடியாது, நனைய வைக்கவும் முடியாது.”

“போவாம இருக்க முடியாதா?”

“இங்க என்ன வேலை இருக்கு புஷ்பம்? மேல்பக்கத்துக்காரங்க களையெடுக்கவும் காய் பறிக்கவும் வெளியூரு ஆளுகளைத்தான் கூப்பிடுதாங்க. உப்புக்காரன் கையில செடி பட்டா பட்டுப்போகுமாம்.”

அவள் அந்தப் பேச்சை மனசுக்குள் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

ஊருக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு காலையில் தங்கபுஷ்பம் வீட்டுப் பின்னால் ஓலைத் தட்டி கட்டிய குளியலறையில் குளித்துக்கொண்டிருந்தாள். மேல்பக்கத்துப் பெண்கள் சிலர், அவளிடம் பருத்தியே இல்லாவிட்டால் கம்பளியைத்தானே போட வேண்டும் என்று முடிவுசெய்து, முன்வாசல் வழியாக வந்து, சேலை ரவிக்கை எல்லாவற்றையும் மூட்டைகட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் போன சற்று நேரத்தில் கீழ்ப்பக்கத்துப் பெண்கள், கம்பளியே இல்லாவிட்டால் என்ன செய்வாள் என்று, பின்வாசல் வழியாக வந்து, ஸ்வெட்டர் போர்வை குல்லாய் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போனார்கள். போகிற அவசரத்தில் தட்டி மேல் போட்டிருந்த மாற்றுச் சேலையையும் துண்டையும்கூட யாரோ உருவிக்கொண்டு போய்விட்டார்கள். அவிழ்த்துப் போட்ட அழுக்குத் துணி வாளித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

தங்கபுஷ்பம் கடைசிச் செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுத் துண்டுக்குக் கையை நீட்டினாள். துண்டு இல்லை. உடம்பில் ஒரு நூல்கூட இல்லாமல் அவள் நின்ற அந்த நொடியில் கருவேலோடையில் பருவம் நின்றுபோனது.

வெயில் இல்லை, மேகமும் இல்லை. வானம் எழுதாத சிலேட்டு மாதிரி இருந்தது. மேல்காற்றும் இல்லை, வாடையும் இல்லை. டீக்கடை அடுப்புப் புகை தூண்போல நேராக நின்று, அப்புறம் நகராமலேயே நின்றது. கடல் இஸ்திரி போட்ட துணி மாதிரி மடிப்பில்லாமல் கிடந்தது. புறாக்கள் மின்கம்பியில் உட்கார்ந்து இறங்க மறந்துவிட்டன. ஊரில் எதற்கும் நிழல் இல்லை. பிள்ளைகள் தங்கள் நிழலைத் தேடிக் காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். யாருக்கும் வேர்க்கவில்லை, யாருக்கும் மயிர்க்கூச்செறியவும் இல்லை. உடம்பு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது.

மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு பக்கத்துக்காரர்களும் ஓடிவந்து, ஒருவர் கையில் இருப்பதை ஒருவர் பார்த்து, நடந்ததைப் புரிந்துகொண்டார்கள். ஆண்கள் எல்லோரும் சாலைக்கு அந்தப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். பெண்கள் தட்டியைச் சுற்றி நின்று, மூட்டைகளைப் பிரித்து, கீழ்ப்பக்கத்துக்காரிகள் ஒரு சேலையையும் மேல்பக்கத்துக்காரிகள் ஒரு போர்வையையும் பிடுங்கி நீட்டினார்கள்.

“இதைக் கட்டிக்கோ தாயி!”

“அதைத் தொடாத! இதைப் போர்த்திக்கோ!”

நீட்டிய துணிகள் தட்டி மேலேயே தொங்கின. உள்ளேயிருந்து ஒரு கையும் வரவில்லை.

“எதுவும் வேண்டாம்” என்றது தங்கபுஷ்பத்தின் குரல். “எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க.”

“ஏட்டி, அம்மணமாவா நிப்ப?” என்றாள் மாடத்தி.

“நிப்பேன். எனக்குக் குளிரவும் இல்ல, வேர்க்கவும் இல்ல. தட்டி இருக்கு, துவைக்கிற கல்லு இருக்கு, உக்காந்துக்கிடுதேன். இத்தனை நாளா ஆளாளுக்கு என்னை உடுத்தி விட்டீங்களே, எனக்கு என்ன உடுத்தணும்னு எவளாவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

காற்றில்லாததால் அந்தக் கேள்வி போன இடத்திலேயே நின்றது. சாலைக்கு அந்தப் பக்கம் நின்ற ஆண்கள்வரை கேட்டது.

அய்யாத்துரை திரும்பாமலே கத்தினான். “புஷ்பம், தப்புதான். இப்ப நாங்க என்ன செய்யணும், சொல்லு.”

“செய்வீங்களா? செய்வோம்னு சொல்லிட்டுச் செய்யாமப் போறவங்களுக்கு நான் சொல்லமாட்டேன்.”

“செய்வோம்” என்றார்கள் மேல்பக்கத்துக்காரர்கள். “செய்வோம்” என்றார்கள் கீழ்ப்பக்கத்துக்காரர்கள்.

“அப்ப கேட்டுக்கோங்க. மேல்பக்கத்துக்காரங்க அத்தனை பேரும் இப்பவே அளத்துல இறங்கி, பாத்தியில கெடக்க உப்பை வாரிக் கரையேத்திக் கொடுக்கணும். அம்பாரம் எல்லாத்தையும் ஓலை போட்டு மூடணும். ஒரு பொட்டு உப்பும் கரையக் கூடாது. அது முடிஞ்சதும் கீழ்ப்பக்கத்துக்காரங்க காட்டுக்குப் போயி வரப்பை உயர்த்திக் கொடுக்கணும், உடைப்பை அடைக்கணும். விழுற தண்ணி நிக்கணும். இந்த வருஷத்துல இருந்து களையெடுப்பும் காய் பறிப்பும் வெளியூர் ஆளுக்குக் கிடையாது. நம்ம ஊரு உப்புக்காரங்களுக்குத்தான். கூலியும் வெளியூர் ஆளுக்குக் கொடுக்கிறதுதான். அண்ணே, கேக்குதா?”

அய்யாத்துரை கொஞ்சம் தயங்கினான். “உப்புக் கை பட்டா...”

“எங்கிட்ட இருக்கிறதும் உப்பு மூட்டை தூக்குன கைதான். போன வருஷம் உன் பருத்தியை ஏத்துனதும் இந்தக் கைதான். பட்டுப்போச்சா?”

மேல்பக்கத்துப் பெண்களில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அய்யாத்துரையும் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். அதோடு தயக்கம் போனது. மேல்பக்கத்து சனம் கூடையும் மண்வெட்டியுமாக, வாழ்க்கையில் முதல்தடவையாகச் சாலையைத் தாண்டி உப்பளத்துக்குள் இறங்கியது.

அப்படி ஒரு வேலையை ஊர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. உடம்பே தெரியாததால் யாருக்கும் களைப்பில்லை. சேர்மத்துரை பாத்தியில் நின்று வாருகிற பலகையை எப்படிப் பிடிக்க வேண்டும், உப்பை எப்படிக் கீழ்மண் கிளராமல் இழுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். அன்றைக்கு அவன் பேசியது அவன் ஒரு வருஷத்துக்குப் பேசுகிற பேச்சு. உப்பு மலைமலையாகக் கரையேறியது. ஓலை ஏறியது, கயிறு ஏறியது. அப்புறம் கூட்டம் அப்படியே திரும்பி, சாலையைத் தாண்டி, கரிசலில் ஏறியது. உப்பளத்துப் பெண்கள் வரப்பைத் தட்டித் தட்டி உயர்த்தினார்கள், மாடத்தி கரிசல் மண்ணை ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்து, “இது என்ன, வெந்தயம் வறுத்த மாதிரில்லா மணக்கு!” என்றாள். தங்கபுஷ்பம் கல்லில் உட்கார்ந்து, பிள்ளைகள் ஓடிவந்து சொன்ன சேதிகளைக் கேட்டு, தட்டிக்குள்ளிருந்து, “கடைசிப் பாத்தியை மறந்துராதீங்க, ஓடைக்கரை உடைப்பைப் பாருங்க” என்று கத்திக்கொண்டிருந்தாள். யாரோ தட்டிக்குக் கீழே இட்லி தள்ளினார்கள். சாப்பிட்டாள்.

எல்லாம் முடிந்து ஊரே அவள் வீட்டு முன் வந்து நின்றது. மாடத்தி தட்டியருகே வந்து, இதுவரை யாரும் கேட்காத குரலில், மெதுவாகக் கேட்டாள். “இப்பச் சொல்லு. உனக்கு என்ன வேணும்?”

தங்கபுஷ்பம் யோசித்துச் சொன்னாள். “என் பச்சைப் பருத்திச் சேலையைக் கொடுங்க. மிச்சத்தை எல்லாம் வாசல்ல வைங்க. ஒரேயடியா ஒண்ணைக் கழத்தி இன்னொண்ணை மாட்டுனா உடம்புக்கும் ஆகாது, மண்ணுக்கும் ஆகாது. வரிசையா உடுத்துவேன். கோடை மரியாதையாப் போகட்டும்.”

பச்சைச் சேலையோடு அவள் வெளியே வந்ததும் நிழல்கள் திரும்பி வந்தன. வெயில் வந்தது, ஆனால் போகிற வெயில்; தோளில் கைவைத்துச் சொல்லிக்கொண்டு போவதைப் போல. புறாக்கள் இறங்கின. அவள் வாசலில் நின்று, வண்டி ஓட்டும்போது போடுகிற முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டாள். வெயில் மஞ்சளாகி, அப்புறம் வெளிறியது. மேல்காற்று கடைசியாக ஒருதடவை புழுதியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனது. அவள் தெருவில் நடந்தாள், ஊர் பின்னால் நடந்தது. நடந்துகொண்டே முந்தானையைத் தோளில் சுற்றினாள். கூட வந்த பெண்களும் சுற்றினார்கள். மேகம் வந்தது. மப்ளரைக் கட்டினாள், ஆண்கள் துண்டைத் தலையில் கட்டினார்கள். வாடை திரும்பியது. கடல் மடிப்புக் கலைந்து எழுந்தது. பிள்ளைகள் ஒருவர் காலுறையை ஒருவர் பிடுங்கி மாட்டிக்கொண்டு, ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு ஓடினார்கள். ஊரின் பெட்டியடியில் கிடந்த கம்பளியெல்லாம் அன்றைக்குத் தெருவில் நடந்தது. எல்லோருக்கும் மறுபடி உடம்பு இருந்தது, மயிர்க்கால் சிலிர்க்கச் சிலிர்க்க, “எனக்குக் குளிருது! எனக்குக் குளிருது!” என்று பரிசு விழுந்தவர்களைப் போலக் கூவினார்கள்.

கரிசல் காட்டு வரப்பில் ஏறி நின்று தங்கபுஷ்பம் நீல ஸ்வெட்டரை மாட்டினாள். ஒரு பொத்தான். வானம் இறங்கியது. இரண்டாவது பொத்தான். மண் மணம் எழுந்தது. கழுத்துவரை எல்லாப் பொத்தானையும் போட்டதும் மழை வந்தது. துளித்துளியாக வரவில்லை, முழு உருவத்தோடு வந்தது. புழுதி குடித்தது, வரப்பு தாங்கியது, ஓலைக்குக் கீழே உப்பு உலர்ந்தே இருந்தது.

கொஞ்ச நேரத்திலேயே ஸ்வெட்டர் நனைந்து கல்லாகக் கனத்தது. தங்கபுஷ்பம் அதைக் கழற்ற ஆரம்பித்தாள்.

“ஏ, வேண்டாம்! நின்னுபோகும்!” என்று அய்யாத்துரை அலறினான்.

“கனக்குது அண்ணே” என்று சொல்லிக்கொண்டே அவள் கழற்றி வரப்பில் போட்டாள்.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். மழை பெய்தது. அவள் மப்ளரை அவிழ்த்தாள்; மழை பெய்தது. முழுக்கைச் சட்டையைக் கழற்றிப் பிழிந்து தோளில் போட்டாள். மழை இன்னும் பலமாகப் பெய்தது. அவளைக் கேட்காமல், யாரையும் கேட்காமல், வழி தெரிந்துகொண்ட மாட்டைப் போல அது தன்பாட்டுக்குப் பெய்தது. தங்கபுஷ்பம் இரண்டு கையையும் விரித்து, பச்சைச் சேலையோடு, மழைக்குள் நின்று ஒரு சுற்றுச் சுற்றினாள். அந்த ஐப்பசியில் முதல்முறையாக, தான் உடுத்தியது வெறும் உடுப்பாக இருந்தது அவளுக்கு.

கூட்டத்துக்குள் சேர்மத்துரையைத் தேடிப் பிடித்தாள். அவன் நனைந்துகொண்டு, காலடியில் கரிசல் சேறு அப்பியிருப்பதை வியப்போடு பார்த்துக்கொண்டு நின்றான்.

“கொல்லத்துக்கு பஸ்ஸா?” என்று ஊர் கேட்கும்படியாகவே கேட்டாள்.

“எதுக்கு? களையெடுக்க வரச் சொல்லி உங்க அண்ணன் இப்பத்தான் சொன்னாரு.”

“களை முளைக்க நாள் ஆகுமே. அதுவரைக்கும் சும்மாத்தான இருப்பீங்க?”

“ஆமா.”

“அப்ப கல்யாணத்தை வச்சுக்கிடுவோமா?”

சேர்மத்துரை முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தான். துடைத்த இடத்தில் மறுபடி வழிந்தது. “வச்சுக்கிடுவோம்” என்றான்.

மாடத்தி குலவை போட்டாள். மேல்பக்கத்துப் பெண்களும் சேர்ந்து போட்டார்கள். குலவை அடங்கியதும், பழக்கதோஷத்தில், யாரோ ஒருத்தி கேட்டுவிட்டாள். “புஷ்பம், முகூர்த்தத்துக்கு எதை உடுத்தப் போற?”

சனம் முழுக்க அவள் வாயைப் பார்த்தது.

“தெரியல” என்றாள் தங்கபுஷ்பம். “கடைக்குப் போயித்தான் பாக்கணும்.”